ஒரே தூரம், ஒரே வெளிச்சம்

"தாடையை இது மேல வைங்க. நெத்தியைப் பட்டையில ஒட்டுங்க. உள்ள பச்சையா ஒரு புள்ளி தெரியுதாம்மா? அதையே பாருங்க. சிமிட்டாதீங்க." தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் கண் பரிசோதனை மையங்களில் அன்றாடம் கேட்கும் பேச்சு இது. சொல்பவர் டாக்டர் அல்லர். பள்ளிப் படிப்பை முடித்து, கண் மருத்துவமனையில் பயிற்சி பெற்ற ஒரு பெண். எதிரே உட்கார்ந்திருப்பவர் பல வருடங்களாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிற ஓர் அம்மா. அவருக்குப் பார்வையில் குறை ஒன்றும் தெரியவில்லை. பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடிக்கிறது. அடுத்த நொடி கணினித் திரையில் ஆரஞ்சு நிற வட்டம் ஒன்று வந்து நிற்கிறது. அதன் ஒரு பக்கம் வெளிர்மஞ்சளாக ஒரு சின்னத் தட்டு. அங்கிருந்து புறப்பட்டு மேலும் கீழும் கிளைத்துப் போகும் ரத்தக் குழாய்கள். நடுவே கொஞ்சம் இருண்ட ஓர் இடம். அதுதான் அந்த அம்மாவின் விழித்திரை.

உடம்பைக் கீறாமல் ரத்தக் குழாயையும் நரம்பையும் நேருக்கு நேர் பார்க்க முடிகிற இடம் அது. மருத்துவத்தில் புகைப்படத்துக்கு வேலை நிறைய உண்டு: தோல் நோய், தீக்காயம், பிளாஸ்டிக் சர்ஜரி, பல் சீரமைப்பு, குடலுக்குள் போய் வரும் எண்டோஸ்கோப்பி. ஆனாலும் கண்ணிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு படம் எப்போது மருத்துவத்துக்கு உதவுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறபடி எடுத்தால்தான் படம் உதவும். இந்த வருடத்துக் கண்ணைப் போன வருடத்துக் கண்ணோடு, வலதை இடதோடு, இன்றைய புண்ணைப் போன வாரத்துப் புண்ணோடு ஒப்பிட வேண்டும். அதற்கு ஒரே தூரம், ஒரே கோணம், ஒரே வெளிச்சம் வேண்டும். சொல்ல எளிது, செய்து முடிக்க நூறு ஆண்டுக்கு மேல் பிடித்தது.

கண்மணி ஏன் கறுப்பாகத் தெரிகிறது? உள்ளே போகும் வெளிச்சம் ஏறக்குறைய வந்த வழியே திரும்புகிறது. திரும்புகிற வெளிச்சத்தைப் பிடிக்க நம் கண்ணை அந்த வழியில் வைத்தால், உள்ளே போக வேண்டிய வெளிச்சத்தை நம் தலையே மறைத்துவிடும். ஜெர்மானிய அறிவியலாளர் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் இதற்கு வழி சொன்னார். சாய்த்து வைத்த கண்ணாடித் தகட்டால் வெளிச்சத்தைக் கண்ணுக்குள் திருப்பி, அதே தகட்டின் ஊடாகத் தானும் பார்க்கும் கருவி அது. மருத்துவர்கள் உயிருள்ள மனிதரின் விழித்திரையைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பார்த்ததைப் படமாக வரைந்து வைத்தார்கள். வரைபவர் கை மாறினால் படமும் மாறும் என்பது அதன் குறை.

புகைப்படம் எடுக்க நினைத்தவர்களுக்கு இன்னும் பெரிய தொல்லை. கண் அசையும், சிமிட்டும். அன்றைய புகைப்படத் தகடுகளுக்கோ நிறைய வெளிச்சம் வேண்டும். 1886-இல் இங்கிலாந்தில் ஜாக்மன், வெப்ஸ்டர் என்ற இருவர் மனிதக் கண்ணின் உட்புறத்தைப் படமெடுத்து வெளியிட்டார்கள். கேமராவை நோயாளியின் தலையோடு சேர்த்துக் கட்டி, எரிவாயு விளக்கு வெளிச்சத்தில் இரண்டரை நிமிடம் காத்திருந்து எடுத்த படம். பார்வை நரம்பு தொடங்கும் அந்த வட்டத் தட்டுக்கு மேல் அதில் அதிகம் தெரியவில்லை. 1926-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் சுவீடன் மருத்துவர் நோர்டென்சனின் வடிவமைப்பில், கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் ஃபண்டஸ் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறகு மின்னணு ஃப்ளாஷ் வந்தது. கண் அசைவதற்குள் படம் பதிந்துவிட்டது.

இன்றைய கேமரா வேலை செய்யும் விதம் இது. கருவிழியின் ஈரப் பரப்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும். அதில் பட்டுத் தெறிக்கும் ஒளி கேமராவுக்குள் போனால் படம் வெளுத்துவிடும். அதனால் வெளிச்சத்தை வளைய வடிவில் கண்மணியின் ஓரங்கள் வழியாக அனுப்பி, நடுப்பகுதி வழியாகப் படத்தை வாங்குகிறார்கள். போகும் வழி வேறு, வரும் வழி வேறு. இதற்குக் கண்மணி போதுமான அளவு விரிந்திருக்க வேண்டும். சொட்டு மருந்து விட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைப்பது அதற்காகத்தான். சொட்டு மருந்து இல்லாமலே எடுக்கும் கேமராக்களும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் குறி பார்த்து, கண்மணி சுருங்குவதற்குள் ஃப்ளாஷ் அடித்துவிடுகின்றன. அறை இருட்டாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. இந்த நிபந்தனை பின்னால் ஒரு பெரிய திட்டத்தையே எப்படிச் சோதித்தது என்பதற்கு வருகிறேன்.

சர்க்கரை நோயில் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் பலவீனமாகிறது. முதலில் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தோன்றும். குழாய் ஆங்காங்கே புடைப்பதன் அடையாளம் அது. பிறகு ரத்தக் கசிவுகள், கொழுப்பு தங்கியதால் வரும் மஞ்சள் திட்டுகள், ரத்தம் போகாமல் வாடிய நரம்பிழைகள் காட்டும் பஞ்சு போன்ற வெண்திட்டுகள். முற்றினால் புதுக் குழாய்கள் ஒழுங்கின்றி முளைக்கும். அவை உடைந்தால் கண்ணுக்குள் ரத்தம் நிறைந்து பார்வை போகும். இதில் கொடுமை என்னவென்றால், முதல் கட்டங்களில் நோயாளிக்கு எதுவுமே தெரியாது. எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படித்துவிடுவார். "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்று அவர் சொல்வது உண்மை. படத்தில் புள்ளிகள் இருப்பதும் உண்மை. அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் கொண்டுவந்து, தேவைப்பட்டால் லேசரோ ஊசியோ கொடுத்துப் பார்வையைக் காப்பாற்ற முடியும்.

வருடத்துக்கு ஒரு படம் என்று சொல்வது இதனால்தான். இரண்டு புள்ளி இருக்கிறது என்பது ஒரு செய்தி. போன வருடம் இரண்டாக இருந்தது இப்போது பதினைந்தாகிவிட்டது என்பது வேறு செய்தி. இரண்டாவது செய்தியைச் சொல்ல இரண்டு படங்கள் வேண்டும், இரண்டும் ஒரே மாதிரி எடுத்தவையாக இருக்க வேண்டும். படத்தைப் பச்சை நிற ஒளியில் மட்டும் பிரித்துப் பார்க்கும் பழக்கமும் கண் மருத்துவர்களுக்கு உண்டு. ரத்தத்தின் சிவப்பு பச்சை ஒளியை நன்றாக விழுங்கும். அதனால் குழாய்களும் கசிவுகளும் கரிக்கோடு இழுத்தது போல் எடுப்பாகத் தெரியும்.

ஓடும் ரத்தத்தையே படமெடுக்கும் முறை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் நோவட்னி, ஆல்விஸ் என்ற இரண்டு மருத்துவ மாணவர்கள் உருவாக்கி 1961-இல் வெளியிட்டது. ஃப்ளூரசின் என்ற சாயத்தைக் கை நரம்பில் ஊசியால் ஏற்றி, கண்ணில் நீல ஒளி பாய்ச்சினால், சாயம் பச்சை மஞ்சளாக ஒளிவிடும். சில விநாடிகளில் அது விழித்திரைக் குழாய்களுக்கு வந்து சேர்வதை அடுத்தடுத்த படங்களில் பிடிக்கலாம். நல்ல குழாய் சாயத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். பழுதான குழாயில் அது வெளியே கசிந்து பரவும். எந்த இடத்தில் லேசர் வைக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்த முறை இது. முதல் மனிதச் சோதனை ஆல்விஸின் கண்ணிலேயே நடந்தது. இன்றும் இந்தச் சோதனை செய்துகொண்டவர்களுக்குத் தோல் சில மணி நேரம் மஞ்சளாக இருக்கும், சிறுநீர் ஒரு நாள் ஆரஞ்சு நிறத்தில் போகும். காமாலை வந்துவிட்டதோ என்று வீட்டில் பதறாமல் இருக்க, இதை முன்கூட்டியே சொல்லி அனுப்புவது நல்ல மருத்துவமனையின் அடையாளம்.

கேமரா இருந்தால் போதுமா? படத்தைப் படிக்க ஆள் வேண்டும். சென்னையின் நீரிழிவு ஆய்வாளர்கள் தலைமையில் நடந்து 2023-இல் வெளியான தேசிய ஆய்வு, இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி பேர் என்று கணக்கிட்டது. இவ்வளவு பேருக்கும் வருடந்தோறும் விழித்திரை மருத்துவர் நேரில் பார்க்க வழியே இல்லை. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, படத்தை மட்டும் பயணம் போக வைத்தது. சிற்றூரில் எடுக்கும் படம் இணையம் வழியே நகரத்து மருத்துவமனைக்குப் போகும். நோயாளி எழுந்து வீட்டுக்குக் கிளம்புவதற்குள் டாக்டர் பார்த்துப் பதில் சொல்வார். இப்படிப்பட்ட பார்வை மையங்கள் அரவிந்துக்கு மட்டும் இன்று நூற்றுக்கும் மேல் உண்டு. பஸ்ஸுக்கும் ஒரு நாள் கூலிக்கும் கணக்குப் பார்க்கிற குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நகரத்தில் இருந்துகொண்டு எடைபோட முடியாது.

அடுத்த கட்டம், படத்தைக் கணினியே படிப்பது. 2016 டிசம்பரில் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையில், ஒரு லட்சத்து 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விழித்திரைப் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கியிருந்தார்கள். அமெரிக்கப் படங்களோடு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, பெங்களூரு நாராயண நேத்ராலயா படங்களும் அதில் இருந்தன. 54 கண் மருத்துவர்கள் அவற்றைத் தரம் பிரித்துக் கொடுத்தார்கள். நோயைக் கண்டுபிடிப்பதில் அந்தக் கணினி மருத்துவர்களுக்கு ஈடாக நின்றது. 2018-இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு, ஸ்மார்ட்போனைப் பொருத்திய எளிய கேமராவில் 296 பேரின் கண்களைப் படமெடுத்து மென்பொருளிடம் கொடுத்தது. சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்களில் 95.8 சதவீதம் பேரை அது சரியாகப் பிடித்தது.

ஆய்வுக்கூடத்துக் கணக்கு களத்தில் என்ன ஆகும் என்பதைத் தாய்லாந்து காட்டியது. அங்கே 11 சிகிச்சை மையங்களில் கூகுளின் கணினி முறையை வைத்துப் பார்த்தார்கள்; 2020-இல் அந்த அனுபவம் கட்டுரையாக வந்தது. முதல் ஆறு மாதத்தில் கொடுத்த 1,838 படங்களில் 393 படங்களை, அதாவது ஐந்தில் ஒன்றுக்கு மேல், படிக்கத் தகுதியில்லை என்று கணினி தள்ளிவிட்டது. பெரும் காரணம் வெளிச்சம். கண்மணி விரிய அறை இருட்டாக இருக்க வேண்டும். பல மையங்களில் அப்படி ஒரு தனி அறை இல்லை. மற்ற நோயாளிகளும் அதே அறையில் இருக்கும்போது நர்ஸ் எப்படி விளக்கை அணைப்பார்? படம் தள்ளுபடியானால், நோய் இல்லாதவர்கூட இன்னொரு நாள் இன்னொரு ஊருக்கு அலைய வேண்டும். கேமராவுக்கும் கணினிக்கும் பணம் ஒதுக்குகிறவர்கள், ஒரு ஜன்னல் திரைக்கும் ஒதுக்க வேண்டியதாகிறது. மருத்துவப் படத்தின் தரம் பெரும்பாலும் இப்படிச் சின்ன விஷயங்களில்தான் தங்கியிருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே சின்ன விஷயங்கள் வீட்டிலும் நம்மிடம் வந்துவிட்டன. சர்க்கரை நோயாளியின் காலில் புண், மகன் வெளியூரில், மருமகள் போனில் படமெடுத்து டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். கொரோனா ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச்சிலேயே மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. படம் அனுப்பி ஆலோசனை கேட்பதற்கு அதில் இடமுண்டு. ஆனால் அனுப்புகிற படங்களில் பல டாக்டருக்கு ஒன்றும் சொல்வதில்லை. போனைப் புண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோனால் நடுப்பகுதி பெருத்தும் ஓரங்கள் சுருங்கியும் விழும். ஃப்ளாஷ் போட்டால் ஈரமான பரப்பு பளபளத்து, உள்ளே சிவப்புச் சதை வளர்கிறதா, மஞ்சள் சவ்வு படிந்திருக்கிறதா என்பது மறைந்துவிடும். மஞ்சள் பல்பின் கீழே எடுத்தால் போன் தன் கணக்குப்படி நிறத்தை மாற்றிவிடும். நேற்றைய சிவப்பும் இன்றைய சிவப்பும் ஒரே சிவப்பு இல்லை.

ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சம் நல்லது. புண்ணுக்கு நேராக, சாய்க்காமல், கொஞ்சம் தள்ளி நின்று, வேண்டுமானால் ஜூம் செய்து எடுக்க வேண்டும். முதலில் கால் முழுவதும் தெரிகிற மாதிரி ஒன்று, பிறகு புண் மட்டும் ஒன்று. வலது கால், இடது கால் என்று எழுதிவிட வேண்டும். பக்கத்தில், புண்ணில் படாமல், ஓர் அளவுகோலை வைக்க வேண்டும். ஸ்கேல் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம் போதும்; அதன் குறுக்களவு 27 மில்லிமீட்டர். பின்னணியில் பூப்போட்ட போர்வை இல்லாமல் ஒரே நிறத் துணி இருக்கட்டும். அழகுபடுத்தும் ஃபில்டர் எதுவும் கூடாது. அடுத்த வாரமும் அதே இடத்தில், அதே நேரத்தில் எடுத்தால், புண் ஆறுகிறதா இல்லையா என்பதை டாக்டர் படத்திலேயே அளந்துவிடுவார். தோலில் சிவப்பு பரவும்போது மருத்துவர்கள் அதன் எல்லையைப் பேனாவால் கோடிட்டுப் படமெடுத்து வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். மறுநாள் சிவப்பு கோட்டைத் தாண்டியதா என்று பார்த்தால் போதும்.

சிவப்பு என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். கறுத்த தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது. ஊதா கலந்த பழுப்பாகவோ, சுற்றியுள்ள தோலைவிடக் கறுத்தோ தெரியும். மருத்துவப் பாடநூல்களின் படங்களோ நெடுங்காலமாகப் பெரும்பாலும் வெள்ளைத் தோலின் படங்கள். கோடாக் நிறுவனம் ஃபிலிமின் நிறத்தைச் சரிபார்க்க ஸ்டூடியோக்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டைகளிலும் பல ஆண்டுகள் வெள்ளைப் பெண்களின் முகமே இருந்தது. 2020-இல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுத்த, பழுப்புத் தோல்களில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்பதற்குப் படங்களோடு ஒரு கையேடு தயாரித்தார். தோல் நோயைக் கணினிக்குக் கற்பிக்கும் இந்தக் காலத்தில் நம் ஊர்த் தோலின் நல்ல படங்கள் நம் மருத்துவக் கல்லூரிகளில் சேர்வது அவசர வேலை. எந்தத் தோலைக் காட்டிப் பழக்குகிறோமோ அந்தத் தோலைத்தான் கணினி அறியும்.

நோய்க்காக எடுக்காத படம்கூட நோயைக் காட்டிக் கொடுத்ததுண்டு. ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் கண்மணி சிவப்பாகத் தெரிந்தால், அது கண்ணின் உட்புறச் சுவரின் ரத்தத்தில் பட்டுத் திரும்பிய வெளிச்சம். குழந்தையின் ஒரு கண்ணில் மட்டும் சிவப்புக்குப் பதில் வெள்ளையாகத் தெரிந்தால், உள்ளே ஏதோ மறிக்கிறது என்று பொருள். கண்புரையாக இருக்கலாம், விழித்திரைப் புற்றாகவும் இருக்கலாம். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக வேதியியலாளர் பிரையன் ஷாவின் மகனுக்கு அந்தப் புற்று வந்தது. வீட்டில் எடுத்த பழைய படங்களைத் தேடியபோது, நோய் தெரிவதற்கு வெகு முன்பே வெள்ளை ஒளி படங்களில் இருந்ததை அவர் கண்டார். பிறகு அவருடைய குழு அதைக் கண்டுபிடிக்கும் ஒரு போன் செயலியை உருவாக்கி, 40 குழந்தைகளின் ஏறத்தாழ 53 ஆயிரம் குடும்பப் படங்களில் சோதித்து 2019-இல் வெளியிட்டது. கண்நோய் இருந்த 20 குழந்தைகளில் 16 பேருக்கு, மருத்துவர் கண்டறிவதற்குச் சராசரியாக 1.3 ஆண்டுகளுக்கு முன்பே படத்தில் தடயம் இருந்தது. குழந்தை ஓரப் பார்வை பார்க்கும்போது பார்வை நரம்புத் தட்டில் பட்டும் வெள்ளை ஒளி வரலாம். ஆகவே ஒரு படத்தை வைத்து முடிவுகட்டக் கூடாது. திரும்பத் திரும்ப அதே கண்ணில் வந்தால் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும். சிவப்புக் கண்ணைத் தானாகவே அழித்துவிடும் வசதி பல கேமராக்களில் இருப்பது இந்த இடத்தில் நமக்கு எதிரி.

படம் இவ்வளவு சொல்லும் என்றால், அது யார் கையில் இருக்கிறது என்பதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். 1850-களில் இங்கிலாந்தின் சரே மாவட்ட மனநல விடுதியில் ஹியூ வெல்ச் டயமண்ட் என்ற மருத்துவர் தன் பெண் நோயாளிகளைப் படமெடுத்தார். முகத்தில் மனநோயின் அடையாளம் பதியும், தன் படத்தைப் பார்ப்பதே நோயாளிக்கு நன்மை தரும் என்று நம்பினார். இன்றைய பொருளில் இசைவு கேட்கும் வழக்கம் அன்று இல்லை. அந்த முகங்கள் இன்றும் புத்தகங்களில் அச்சாகின்றன. கண்ணில் கறுப்புப் பட்டை போட்டால் ஆள் அடையாளம் தெரியாது என்று பின்னால் வந்தவர்கள் நினைத்தார்கள். அது போதாது என்று மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழுவே தன் விதிகளில் சொல்லிவிட்டது. முகமே இல்லாத விழித்திரைப் படமும் அப்படித்தான். ரத்தக் குழாய்களின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு என்று நியூயார்க்கில் சைமன், கோல்ட்ஸ்டீன் என்ற இரு மருத்துவர்கள் 1935-லேயே எழுதினார்கள். 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள், விழித்திரைப் படத்தை மட்டும் வைத்து அது ஆணா பெண்ணா என்றும், வயது ஏறத்தாழ என்ன என்றும் கணினி சொல்வதைக் காட்டினார்கள். படத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வது கண் மருத்துவர்களுக்குப் பழக்கமில்லாத வேலை.

ஆபரேஷன் தியேட்டரிலோ வார்டிலோ ஒருவர் தன் சொந்தப் போனில் எடுக்கும் படம் கேலரிக்குப் போகிறது, அங்கிருந்து கூகுள் கணக்குக்குப் போகிறது, வாட்ஸ்அப் குழுவுக்கும் போகிறது. கெட்ட எண்ணம் எதுவும் வேண்டியதில்லை, பழக்கம் போதும். 2023-இல் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தகவலுக்கு இசைவு வேண்டும் என்கிறது. "எதுக்கு எடுக்கறீங்க, யார் பார்ப்பாங்க, எங்க வைப்பீங்க?" என்று கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. சிகிச்சைக்கு எடுக்கச் சம்மதித்தால் பாடம் நடத்தவோ விளம்பரம் செய்யவோ சம்மதித்ததாகாது. மயக்கத்தில் கிடப்பவரையும் குழந்தையையும் பொறுத்தவரை, கேட்காமல் எடுப்பவரைத் தடுக்கும் பொறுப்பு கூட இருப்பவர்களுக்கு உண்டு.

இன்னொரு உரிமையை நம்மில் பலர் பயன்படுத்துவதே இல்லை. கண் படம் எடுத்தால் "எல்லாம் சரியா இருக்கு" என்ற ஒற்றை வரியோடு வெளியே வந்துவிடுகிறோம். படத்தின் பிரதியைக் கேளுங்கள். தேதியும் வலது, இடது என்ற குறிப்பும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் மாறினாலும் டாக்டர் மாறினாலும் அடுத்த வருடம் போகும்போது சர்க்கரை ரிப்போர்ட்டோடு அதையும் பையில் வைத்துக் கொண்டுபோங்கள். புது டாக்டர் முதலில் கேட்கப்போவது பழைய படத்தைத்தான்.